பார்க்காத சரக்கை ஏலத்தில் எடுப்பது: பழைய எலக்ட்ரானிக் விளையாட்டுச் சாமான்கள் தரும் தொழிற்பாடம்



மூட்டையைக் குத்தி மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகு விலை பேசுவதே நம்முடைய தொழில் வழக்கம். மிளகாய் வற்றலென்றால் காம்பைக் கிள்ளிப் பார்ப்போம். பருப்பென்றால் வண்டு விழுந்திருக்கிறதா என்று ஊதிப் பார்ப்போம். இப்போதோ செல்போனில் வரும் நான்கு புகைப்படங்களை நம்பி லாரி லோடுக்கு முன்பணம் அனுப்பும் காலமாகிவிட்டது. பழைய தராசு, குளிர்பதனப் பெட்டி, மாவு மில் மோட்டார் போன்றவற்றைக்கூட இணையத்தில் பார்த்து வாங்குகிறார்கள். ஆகவே, கண்ணால் காணாத சரக்குக்கு விலை சொல்லும் கலையை நாம் கற்றுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நம் கடைகளில் இல்லாத ஒரு பொருள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 1970, 1980களில் விற்ற கையடக்க எலக்ட்ரானிக் விளையாட்டுச் சாமான்களை இணைய ஏலத்தில் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் படும் அவஸ்தையில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பார்க்காத சரக்கில் வரக்கூடிய எல்லாச் சங்கடங்களும் அந்த ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன என்பதே பதில். நாற்பது வருடப் பழைய பொருள், ஒன்றைப் போல் ஒன்று இருக்காது, செய்த கம்பெனி பல நேரங்களில் இல்லை, விலைப்பட்டியல் கிடையாது. அங்கே பிழைக்கத் தெரிந்தவர் எங்கும் பிழைக்கலாம்.

1. சரக்கு எது?

அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1976ஆம் ஆண்டு ‘ஆட்டோ ரேஸ்’ என்ற கையடக்கக் கார்ப் பந்தயத்தையும், 1977ஆம் ஆண்டு ‘ஃபுட்பால்’ விளையாட்டையும் வெளியிட்டது. திரையில் ஆள் உருவம் எதுவும் இராது. சிறிய சிவப்பு எல்.இ.டி. கோடுகள் நகரும், அவற்றையே ஆட்டக்காரர்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ள வேண்டும். 1978ல் மில்டன் பிராட்லி கம்பெனியின் ‘சைமன்’ வந்தது. நான்கு நிறப் பொத்தான்கள் ஒளிரும் வரிசையை நினைவில் வைத்து, அதே வரிசையில் திருப்பி அழுத்தும் வட்டமான விளையாட்டு அது. 1980ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி, கும்பெய் யோகோய் என்பவரின் யோசனையில், கால்குலேட்டர் போன்ற எல்.சி.டி. திரை வைத்த ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையைத் தொடங்கியது. 1982 வாக்கில் கோலிகோ கம்பெனி ‘பேக் மேன்’, ‘டாங்கி காங்’ போன்றவற்றை மேசைமேல் வைத்து ஆடும் சிறு பெட்டிகளாகச் செய்து விற்றது.

இவற்றில் மில்டன் பிராட்லியை 1984ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி வாங்கிவிட்டது. மேட்டல் தன் எலக்ட்ரானிக்ஸ் பிரிவை அதே 1984ல் மூடியது. கோலிகோ 1988ல் திவாலானது. எனவே ‘கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்’ என்று சொல்வதற்கு வழியில்லை.

பழையது என்பதாலேயே அரிது என்று எண்ணிவிடக் கூடாது. கேம் அண்ட் வாட்ச் வரிசை உலகம் முழுவதும் 4 கோடியே 34 லட்சம் எண்ணிக்கையில் விற்றது. அதே வரிசையில், 1987ல் ஒரு போட்டிக்குப் பரிசாக மட்டும் 10,000 எண்ணிக்கையில் வழங்கப்பட்ட மஞ்சள் நிற ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஒன்றும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம்; விலை வேறு. விவரம் அறியாத விற்பனையாளர் இரண்டுக்கும் ‘மிக அரியது’ என்றே தலைப்புப் போடுவார்.

2. மறைந்திருக்கும் குறைகள்

முதல் எதிரி பேட்டரி. மேட்டல் ஃபுட்பாலில் 9 வோல்ட் பேட்டரி. கேம் அண்ட் வாட்சில் பொத்தான் போன்ற சிறு பேட்டரிகள். முதல் சைமனில் இரண்டு பெரிய பேட்டரியும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும். விளையாடிய பிள்ளை பெரியவனாகிப் போனபோது பேட்டரியை எடுக்காமல் பரணில் போட்டுவிட்டிருப்பான். பேட்டரி கசியும். அல்கலைன் பேட்டரியிலிருந்து வடிவது காரம். அது ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, கம்பி வழியே உள்ளே ஏறி, சர்க்யூட் போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். மேலோட்டமான பூப்பு என்றால், நம் கடையில் விற்கும் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தே பலர் சரிசெய்கிறார்கள். வினிகரின் புளிப்பு காரத்தை முறித்துவிடும். போர்டு வரை அரிப்பு போயிருந்தால் அது ஒரு நாள் வேலை அல்ல.

இரண்டாவது, திரை. எல்.சி.டி. திரையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள் காலப்போக்கில் மஞ்சளாகி, படம் மங்கும். அதை மாற்றலாம். கண்ணாடியே விரிசல் விட்டு மை கொட்டியதுபோல் கருத்திருந்தால் மாற்ற வழி அரிது. அதே மாடல் இன்னொன்றை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கோலிகோ பெட்டிகளில் இருப்பது பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒளிரும் கண்ணாடிக் குழல் திரை. அதனுள் காற்றே இருக்கக் கூடாது. மயிரிழை விரிசலில் காற்று புகுந்தாலும் திரை தீர்ந்தது. கண்ணாடிக்குள் வெள்ளிபோல் பளபளக்கும் ஒரு பொட்டு இருக்கும். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். பெட்டியைப் பிரித்த படம் கேட்டு வாங்கிப் பார்ப்பவருக்கே இது தெரியும்.

மூன்றாவது, பேட்டரி மூடி. சின்ன பிளாஸ்டிக் துண்டுதான். ஆனால் முதலில் தொலைவது அதுவே. மூடி இல்லாத சாமான் எப்போதும் விலை குறைவு. முன்பக்கத்தை நான்கு கோணத்தில் படம் எடுத்துப் போட்டு, பின்பக்கத்தை ஒரு படமும் எடுக்காத விற்பனையாளரைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

நான்காவது, மறுபதிப்பு. மேட்டல் ஃபுட்பாலை 2000ஆம் ஆண்டு மறுபடி வெளியிட்டார்கள். கேம் அண்ட் வாட்ச் வரிசையின் முதல் விளையாட்டான ‘பால்’, 30 ஆண்டு நிறைவை ஒட்டி 2010ல் ஜப்பானில் கிளப் நிண்டெண்டோ உறுப்பினர்களுக்காக மறுபடி செய்யப்பட்டது. முன்பக்கம் பார்த்தால் 1980 சரக்கைப் போலவே இருக்கும். பின்பக்கத்து முத்திரையில்தான் வித்தியாசம். இதிலும் பின்பக்கப் படமே காப்பாற்றுகிறது.

ஐந்தாவது, பார்சல். பெரிய பேட்டரிகளை உள்ளேயே விட்டு அனுப்பினால், வழியில் விழும் ஒவ்வொரு அடியிலும் அந்தக் கனம் பிளாஸ்டிக்கை உள்ளிருந்து இடிக்கும். சரியாக இருந்த சாமான் வீடு வரும்போது உடைந்த சாமானாகிவிடும்.

3. ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்ற சொல்

இணைய ஏலத்தில் பழைய எலக்ட்ரானிக் சாமான்களுக்கு விற்பவர்கள் அதிகம் எழுதும் வாசகம், ‘சோதித்துப் பார்க்கவில்லை, உள்ளது உள்ளபடி’ என்பதாகும். ஜப்பானிய ஏலங்களில் ‘ஜங்க்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். வேலை செய்யும் என்ற பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று அதற்கு அர்த்தம்.

வியாபாரி இந்த வாசகத்தை நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரு 9 வோல்ட் பேட்டரி என்ன பெரிய விலை? வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுத முடிந்தால் விலை இரண்டு மூன்று மடங்கு கூடும் என்பது விற்பவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர் சோதிக்காமல் விற்கிறார் என்றால், பெரும்பாலும் சோதித்துப் பார்த்து, ஓடாததால்தான் அப்படி எழுதுகிறார் என்று கணக்கு வைப்பதே புத்திசாலித்தனம். உண்மையிலேயே பேட்டரி கையில் இல்லாத மூதாட்டி ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவருடைய நல்ல சாமானுக்கும் ஓடாத சாமானின் விலையே கிடைக்கும். அதுதான் வேதனை.

இதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் வியாபாரத்தை வைத்து விளக்கினார். குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையை விட்டு விலகுவார். மட்டமான கார்களே மிஞ்சும். விலை இன்னும் இறங்கும். இந்த விளக்கத்துக்காக அவருக்கு 2001ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கல் கலந்த பருப்பும் சுத்தமான பருப்பும் ஒரே பெயரில் ஒரே விலைக்குப் போனால், சுத்தம் செய்பவன் எதற்காகச் சுத்தம் செய்ய வேண்டும்? நம் அங்காடித் தெரு கண்ட உண்மைதான் அது.

4. மூன்று தரம் இல்லாத ஏலம்

நம் ஊர் ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று சொல்லி நிறுத்துவார்கள். யாராவது கூடுதலாகக் கேட்டால் மறுபடி முதல் தரத்திலிருந்து தொடங்கும். கேட்க ஆள் இருக்கும்வரை ஏலம் முடியாது. 1995ல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் பியர் ஒமிடியார் தொடங்கிய ஈபே தளத்தின் ஏலத்தில் இந்த மூன்று தரம் கிடையாது. கடிகாரம் வைத்து, குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும்.

இதனால் ஒரு தந்திரம் வளர்ந்தது. ஏழு நாள் ஏலத்தில் ஆறே முக்கால் நாள் சும்மா இருந்துவிட்டு, கடைசி சில நொடிகளில் கேள்வி போடுவது. ஏழு நாளும் முன்னணியில் இருந்தவர், பதில் கேள்வி போட நேரமில்லாமல் தோற்றுப்போவார். இதைத் தானாகச் செய்து தரும் மென்பொருள்களும் உண்டு. சேகரிப்பாளர்கள் மனம் வெதும்பிப் பேசுவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு அறிஞர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஈபேயையும், அப்போது அமேசான் நடத்தி வந்த ஏலப் பிரிவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமேசானில் கடைசி 10 நிமிடத்தில் கேள்வி வந்தால் ஏலம் நீட்டிக்கப்படும். அங்கே கடைசி நேரக் கேள்விகள் மிகக் குறைவாகவும், ஈபேயில் மிக அதிகமாகவும் இருந்தன. அமேசானின் அந்தப் பிரிவு பின்னர் மூடப்பட்டுவிட்டது. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் விற்பவர் விரும்பினால் இப்படி நேரம் நீளும் வசதி உண்டு. விதி மாறினால் மனிதர்களின் நடத்தையும் மாறுகிறது.

கடைசி நொடிக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. ஈபேயில் நம் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். மற்றவர் கேட்கக் கேட்க, இயந்திரம் நமக்காக ஒரு படி மட்டும் கூட்டிக்கொண்டே போகும். நூறு டாலர் என்று பதிந்தவரின் எதிராளி நாற்பதோடு நின்றால், நாற்பதுக்குச் சற்று மேலே சரக்கு கிடைத்துவிடும். இரண்டாவது உயர்ந்த கேள்வியை ஒட்டி விலை முடியும் ஏலத்தில், தனக்கு உண்மையிலேயே எவ்வளவு மதிப்போ அதைப் பதிவதே நல்லது என்பதை வில்லியம் விக்ரி 1961லேயே எழுதினார். 1996ல் நோபல் பரிசு பகிர்ந்து பெற்றார். தன் உச்ச விலையைச் சரியாகப் பதிந்தவரைக் கடைசி நொடியில் ஒருவர் தாண்டிப் போனால், அவர் நம் மதிப்புக்கு மேலே கொடுத்துவிட்டார் என்று பொருள். அதில் வருந்த ஒன்றுமில்லை. ‘ஐயோ, இன்னும் ஐந்து டாலர் போட்டிருப்பேனே’ என்று பதறுபவர் தன் உச்ச விலையை முதலிலேயே தீர்மானிக்காதவர்.

5. ஜெயித்தவரே தோற்கும் விதம்

ஒரு ஜாடியில் சில்லறை நிரப்பி, ‘உள்ளே இருக்கும் பணத்துக்கு ஏலம் கேளுங்கள்’ என்று மாணவர்களிடம் சொன்னார்கள். பேசர்மன், சாமுவேல்சன் என்ற இருவர் நடத்தி 1983ல் வெளியிட்ட சோதனை இது. ஜாடியில் இருந்தது 8 டாலர். மாணவர்கள் செய்த மதிப்பீட்டின் சராசரி 5.13 டாலர்தான். ஆனால் ஏலத்தை வென்ற கேள்விகளின் சராசரி 10.01 டாலர். கூட்டம் குறைவாகவே மதித்தது. ஜெயித்தவர்கள் சராசரியாக 2 டாலர் நஷ்டப்பட்டார்கள்.

காரணம் எளிது. ஏலத்தில் ஜெயிப்பவர், கூட்டத்திலேயே மிக அதிகமாக மதிப்பிட்டவர். மங்கலான நான்கு படங்களை இருபது பேர் பார்க்கிறார்கள். பத்தொன்பது பேர் பேட்டரிக் கறையைக் கண்டு தயங்குகிறார்கள். நிழல் என்று நினைத்தவர் ஜெயிக்கிறார். சரக்கைப் பற்றித் தெரிந்தது எவ்வளவு குறைவோ, கூட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு நம் கேள்வியைத் தாழ்த்த வேண்டும்.

பத்திரிகைச் செய்தியும் இதற்குத் தூபம் போடுகிறது. 2021 ஜூலையில் ‘சூப்பர் மரியோ 64’ என்ற வீடியோ கேம், பிரிக்காத பெட்டியோடு, அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அது முத்திரை கலையாத, தரம் மதிப்பிட்டுச் சான்று பெற்ற ஒரே ஒரு பிரதியின் விலை. அதைப் படித்துவிட்டு, மூடி தொலைந்த சாமானுக்கும் ஆயிரக்கணக்கில் விலை கேட்பவர்கள் உண்டு. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. மார்க்கெட் நிலவரம் என்று அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

6. கேள்வி போடுமுன் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடும் சாமான் 60 டாலருக்கு விற்கிறது. ஓடாதது, உதிரிபாகத்துக்காக 15 டாலர். ‘சோதிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறது. பாதிக்குப் பாதி ஓடும் என்று நம்பினால் மதிப்பு 37 டாலர் 50 சென்ட். ஆனால் மேலே கண்ட காரணத்தால் நான்கில் ஒன்று ஓடும் என்றே கொள்வோம். 60ல் கால் பங்கு 15. 15ல் முக்கால் பங்கு 11.25, கூட்டினால் 26.25 டாலர். தபால் செலவு 12 டாலர் கழித்தால் 14.25. ஆக, பதிய வேண்டிய உச்ச விலை 14 டாலர். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு 40 டாலர் கேட்பவர், பார்சலோடு 52 டாலர் கொடுத்து 26 டாலர் பொருளை வாங்குகிறார்.

ஜப்பானிலிருந்து வரவழைப்பவருக்கு இடைத்தரகர் கமிஷன், உள்நாட்டுத் தபால், வெளிநாட்டுத் தபால், சுங்கம் என்று நான்கு செலவு ஏறும். அடக்கவிலை போடாமல் கொள்முதல் செய்யும் பழக்கம் மளிகையிலும் உருப்படாது, விளையாட்டுச் சாமானிலும் உருப்படாது.

7. நாம் விற்கும் இடத்தில் நின்றால்

இதுவரை வாங்குபவர் பக்கம் பேசினோம். நம்மில் பெரும்பாலோர் விற்பவர்கள். சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடி வாங்கும் விற்பனையாளர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவர்கள் பின்பக்கத்தையும் பேட்டரி அறையையும் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஓடும் திரையைக் காட்டுகிறார்கள். ‘இடது மூலையில் கீறல், ஒலி சற்றுக் குறைவு’ என்று தாங்களே எழுதிவிடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றித் தனியே சுற்றி, இரட்டைப் பெட்டியில் அனுப்புகிறார்கள். குறையைச் சொன்னதால் அவர்களுக்கு விலை இறங்கவில்லை. சொல்லாத குறை வேறு இல்லை என்ற நம்பிக்கைக்குக் கிடைக்கும் விலை அது.

வாங்கியவருக்குப் பணம் திருப்பித் தரும் ஏற்பாடு, நட்சத்திர மதிப்பெண் எல்லாம் இணையத்தில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் நாலு வாரம் காத்திருந்து பெட்டியைப் பிரித்தவரின் ஏமாற்றத்தைத் திரும்பி வரும் பணம் ஈடுகட்டாது. அவர் அந்தக் கடைப் பக்கம் மறுபடி வர மாட்டார். வெளியூர் சில்லறைக் கடைக்காரர் நம்மிடம் போனிலேயே ‘இரண்டு மூட்டை போட்டுவிடுங்கள்’ என்று சொல்கிறார் அல்லவா? அவரும் பார்க்காத சரக்கைத்தான் வாங்குகிறார். நம் வாய்வார்த்தையே அவருக்கு மாதிரி. ‘இந்தத் தடவை துவரை கொஞ்சம் பொடி, கிலோவுக்கு இவ்வளவு குறைத்துப் போட்டிருக்கிறேன்’ என்று நாமே முந்திச் சொல்லிவிட்டால், அடுத்த முப்பது வருடத்துக்கு அவர் வேறு கடை தேட மாட்டார்.

பாடச் சுருக்கம்

பின்பக்கம் காட்டாத சரக்கில் குறை உண்டென்று கொள்க. ‘சோதிக்கவில்லை’ என்றால் ஓடாத சரக்கின் விலையை ஒட்டியே கேள்வி போடுக. விற்ற விலையைப் பார்க்க. கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம். வரவழைக்கும் செலவெல்லாம் கழித்து உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்து, அதற்கு மேல் ஒரு பைசாவும் ஏற வேண்டாம். விற்கும்போது குறையை நாமே முதலில் சொல்லிவிடுவோம்.

பயிற்சிக் கேள்விகள்

1. ஓடும் சாமான் 80 டாலர், ஓடாதது 20 டாலர், தபால் 15 டாலர். மூன்றில் ஒன்று ஓடும் என்று கொண்டால் உச்ச விலை என்ன? (விடை: 25 டாலர்.)

2. உங்கள் கடையில் வாடிக்கையாளர் பார்க்காமல் வாங்கும் சரக்குகள் எவை? அவற்றில் நீங்கள் இதுவரை எடுத்துச் சொல்லாத குறை ஏதேனும் உண்டா? இதற்கு விடையை எங்களுக்கு எழுத வேண்டியதில்லை. கடை சாத்தியபின் கல்லாவில் உட்கார்ந்து நீங்களே எழுதிப் பாருங்கள்.